கடுக்காயின் பேரன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுவை காந்தி வீதியில் கால் வைக்க இடம் கிடைக்காது. பெட்ஷீட், பழைய ஜீன்ஸ், செருப்பு, பிளாஸ்டிக் வாளி என்று சாலையோரம் முழுக்கக் குவியும் 'சண்டே மார்க்கெட்'டில் பெண்கள் அதிகம் புரட்டிப் பார்ப்பது நைட்டியைத்தான். கடை போட்டிருந்த ஒரு பெண் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

"ரேயான்ணே. பூ மாதிரி இருக்கும். வீட்ல அக்காவுக்கு எடுத்துட்டுப் போங்க."

"ரேயான்னா என்னம்மா?"

"காட்டன் மாதிரிண்ணே. ஆனா காட்டன் இல்ல."

இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

துணியை வாங்கிக்கொண்டு அதே வீதியில் வடக்கே நடந்தேன். கூட்டம் மெல்லக் குறைந்து முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வந்தது. இன்று பார்த்தால் மளிகைக் கடை, மொபைல் கடை, டீக்கடை என்று எல்லா ஊர்க் கடைவீதியையும் போலத்தான் இருக்கிறது. ஆனால் இது தறிச்சத்தம் கேட்ட பேட்டை. பாரதியார் 'வெல்லச்சு' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட கிருஷ்ணசாமி செட்டியார் இந்தப் பேட்டைக்காரர். குயில் பாட்டு பிறந்த தோப்பு அவருடையது என்பார்கள். புதுவை வட்டாரத் தறிகளில் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத்துணி பிரெஞ்சுக் கப்பல்களில் ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அந்தத் துணியை அளந்து கொடுத்து அதற்கு ஈடாகக் கருவேலம்பிசின் வாங்கினார்கள். புதுவையின் நீலத்துணி அங்கே காசு போலப் புழங்கியது.

காட்டன் மாதிரி இருந்தும் காட்டன் இல்லாத இந்தத் துணிக்கும் தறியும் சாயமும் அறிந்த இந்த ஊருக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. நடுவில் நிற்பது கடுக்காய்.

இடியாப்ப மாவு

பஞ்சில் இருப்பதும் செல்லுலோஸ், யூகலிப்டஸ் மரத்தில் இருப்பதும் செல்லுலோஸ். பஞ்சில் அது இழையாகவே விளைந்துவிடுகிறது. பறித்து நூற்க வேண்டியதுதான். மரத்தில் அது லிக்னின் என்னும் பசையோடு இறுகிக் கிடக்கிறது. பசையை நீக்கினால் வெள்ளை அட்டை மாதிரி மரக்கூழ் மிஞ்சும். அந்தக் கூழைக் கரைத்து, ஊசிமுனைத் துளைகளின் வழியே பிழிந்து, மறுபடி இழையாக உறைய வைக்க வேண்டும். ரேயான், விஸ்கோஸ், மோடல், லையோசெல் எல்லாம் இந்த வகைதான்.

இடியாப்பம் பிழிவது மாதிரி என்று சொல்லிவிடலாம். பிழிவது சுலபம், மாவு பக்குவம்தான் பாடு. செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையாது, எண்ணெயில் கரையாது. கரையக்கூடியதாக இருந்தால் ஐப்பசி மழையில் நம் வேட்டி நம்மை விட்டுப் போயிருக்கும். அந்தப் பிடிவாதத்தை உடைக்க வேதியியல் 130 ஆண்டுகளுக்கு மேலாகப் போராடியிருக்கிறது.

முதலில் வெற்றி கண்டவர் பிரான்சின் ஷார்தொன்னே பிரபு. செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து, கரைத்து, இழையாக்கி 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் 'செயற்கைப் பட்டு' என்று வைத்தார். பட்டு போலவே மின்னியது, பற்றிக்கொள்ளவும் செய்தது. நைட்ரேட் ஏறிய செல்லுலோஸ் என்பது பாதி வெடிமருந்து. நீலகிரியில் குன்னூர் அருகே அரவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலையின் மூலப்பொருளும் இதே குடும்பம்தான். கார்டைட் என்ற துப்பாக்கி மருந்தில் வாஸலின் சேர்ப்பார்கள். துப்பாக்கிக் குழாய்க்கு வழுவழுப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தது, கிடங்கில் கிடக்கும் மருந்து தானாகக் கெடாமலும் காத்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஊறுகாய் ஜாடியின் மேலே நிற்கும் நல்லெண்ணெய் மாதிரி, இருப்பது தெரியாமல் இருந்து காரியம் செய்கிற இந்தப் பொருள்களுக்கு வேதியியலில் நிலைப்படுத்தி என்று பெயர். செல்லுலோஸை எந்த வழியில் கரைத்தாலும் இப்படி ஒரு காவல்காரன் தேவைப்பட்டிருக்கிறான்.

மூன்று ஆறுகள்

1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் வேறு வழி கண்டார்கள். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு என்ற திரவத்தோடு சேர்த்தால் அது ஆரஞ்சு நிறக் குழம்பாக மாறி, நீர்த்த சோடாவில் கரைந்துவிடுகிறது. தேன்போல் கெட்டியான அந்தக் கரைசல்தான் விஸ்கோஸ். அதைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிந்தால் கார்பன் டைசல்ஃபைடு கழன்று ஓடி, செல்லுலோஸ் மறுபடி செல்லுலோஸாக உறைகிறது. நான் வாங்கிய நைட்டி அப்படி வந்ததுதான்.

இங்கேயும் ஒரு காவல்காரன் உண்டு. அமிலத் தொட்டியில் துத்தநாக சல்பேட் கலந்திருப்பார்கள். இழை அவசரமாக உறைந்துவிடாமல் அது கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்த அவகாசத்தில் இழையை இழுத்து வலுவேற்றுவார்கள். நல்ல யுக்தி. ஆனால் வேலை முடிந்ததும் துத்தநாகம் எங்கே போகும்? கழிவுநீரில் போகும். கார்பன் டைசல்ஃபைடு எங்கே போகும்? ஒரு பகுதி தொழிலாளியின் மூச்சில் போகும். அது நரம்பைக் கெடுக்கும், புத்தியைக் கலைக்கும் என்பது 1850களிலேயே பாரிஸ் ரப்பர் பட்டறைகளில் டாக்டர் டெல்பெக் எழுதிவைத்த உண்மை. 1968-ல் பிரிட்டனின் ரேயான் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது அவர்களிடம் மாரடைப்பு மரணங்கள் அதிகம் என்று தெரிந்தது. இத்தனையும் தெரிந்த பிறகும் உலகத்தின் மரஇழைத் துணியில் பெரும்பங்கு இன்றும் விஸ்கோஸ்தான். விலை குறைவு. அவ்வளவுதான் காரணம்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். இந்தியாவின் முதல் ரேயான் ஆலையைத் தொடங்கியவர் ஒரு தமிழர். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-ல் நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்தான் திருவிதாங்கூர் ரேயான்ஸ் நிறுவனத்தையும் தொடங்கினார். பெரியாற்றங்கரையில், பெரும்பாவூர் பக்கம், 1950-ல் உற்பத்தி ஆரம்பித்தது. ஆலை வந்த இடத்துக்கே ரேயான்புரம் என்று பேர் வந்துவிட்டது. 1954 மார்ச்சில் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் செட்டியார் இறந்தார், வயது 45. ஆலை அவருக்குப் பிறகு அரை நூற்றாண்டு இழுத்துக்கொண்டு கிடந்து மூடிப்போனது.

வடக்கு கேரளத்தில் சாலியாற்றங்கரை மாவூரில் 1960களில் பிர்லாக்களின் குவாலியர் ரேயான்ஸ் மரக்கூழ் ஆலை வந்தது. காட்டு மூங்கிலை டன் ஒரு ரூபாய்க்குத் தருவதாக அரசு ஒப்பந்தம் போட்டது. டன் ஒரு ரூபாய்! அன்றைக்கு மூங்கில் கூடை முடைந்து பிழைத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து மூங்கில் வாங்கினார்கள். ஆற்று நீர் கறுத்ததை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடிய வாழக்காடு கே.ஏ. ரஹ்மான் 1999-ல் புற்றுநோயில் இறந்தார். 2001-ல் ஆலை மூடப்பட்டது.

நமக்கு இன்னும் பக்கம் சிறுமுகை. மேட்டுப்பாளையம் அருகே பவானிக் கரையில் இருந்த சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலையை அந்த வட்டாரத்தில் இன்றும் 'விஸ்கோஸ்' என்றே சொல்வார்கள். பஸ் ஸ்டாப்பின் பெயரும் அதுதான், ஒரு தலைமுறைக்குப் பிழைப்பின் பெயரும் அதுதான். நீலகிரியில் அரசு வளர்த்த யூகலிப்டஸும் சீகை மரமும் லாரி லாரியாக இறங்கிவந்து அங்கே கூழாகி இழையாயின. மலைமேல் புல்வெளியும் சோலைக்காடும் இருந்த இடத்தில் கீழே ஒரு ஆலைக்காக ஒற்றை மரப் பயிர் ஏறியதை நினைத்தால், விஸ்கோஸின் விலை ஆற்றோடு முடிவதல்ல என்று தெரியும். கீழே பவானிசாகர் அணை. மீன் செத்து மிதக்கிறது, தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று ஆற்றை நம்பிய ஊர்கள் 1990களில் தெருவுக்கு வந்தன. அந்த எதிர்ப்பும் கடனும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் ஆலையின் கதையை முடித்தன. ஆயிரக்கணக்கானவர் வேலை இழந்தார்கள். அதே சிறுமுகை இன்று கைத்தறி மென்பட்டுச் சேலைக்குப் பேர் போன ஊர். செயற்கைப் பட்டு போய், பட்டு நிலைத்துவிட்டது.

பவானி, பெரியாறு, சாலியாறு: மூன்று கரைகளிலும் நடந்தது ஒன்றுதான். துணி செய்யப் பயன்பட்ட ரசாயனம் துணியோடு போகாமல் ஆற்றோடு போனது.

கரைக்கிற கையே தீ வைக்கிற கை

செல்லுலோஸை எதனோடும் சேர்க்காமல், வெறுமனே கரைத்து, வெறும் தண்ணீரில் உறைய வைக்க முடியுமா? முடியும் என்பதற்கான தடயம் 1939-லேயே ஒரு காப்புரிமையில் கிடந்தது. கிரேனாக்கர், சால்மன் என்ற இருவர் அமீன் ஆக்சைடு வகைப் பொருள்கள் செல்லுலோஸைக் கரைக்கும் என்று எழுதிவைத்தார்கள். முப்பது வருஷம் யாரும் தொடவில்லை. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக்கில் ஜான்சன் அதைத் தூசி தட்டினார். அமெரிக்காவின் என்கா நிறுவனம் சோதித்துப் பார்த்தது. இங்கிலாந்தின் கோர்ட்டால்ட்ஸ் 1980களில் கிரிம்ஸ்பியில் சிறிய ஆலையும், 1992-ல் அமெரிக்காவின் மொபீல் நகரில் முழு ஆலையும் போட்டது. ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் 1997-ல் ஹைலிகன்கிராய்ட்ஸ் ஊரில் தொடங்கியது. இப்படி வந்த இழைதான் லையோசெல். கடையில் 'டென்செல்' என்று கேட்டிருப்பீர்கள். அது லென்சிங் வைத்திருக்கும் வணிகப் பெயர். இந்தியாவில் கிராசிம் செய்வது 'எக்செல்' என்று வருகிறது. கர்நாடகத்தின் ஹரிஹரில் பெரிய அளவில் லையோசெல் ஆலை போடப்போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது.

கரைப்பானின் பெயர் நீளம்: என்-மெத்தில்மார்ஃபோலின் என்-ஆக்சைடு. தொழிற்சாலையில் என்.எம்.எம்.ஓ. என்பார்கள். மரக்கூழை இந்தக் கரைப்பானும் தண்ணீரும் கலந்த திரவத்தில் போட்டு, 100 டிகிரி வெப்பத்தை ஒட்டி, காற்றழுத்தம் குறைந்த கலனில் தண்ணீரை இழுத்து எடுக்கிறார்கள். தண்ணீர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் கூழ் சட்டென்று கரைந்து பழுப்புத் தேனாகிறது. அதைக் காற்றில் கொஞ்சம் இழுத்துத் தண்ணீருக்குள் விட்டால் இழை. தண்ணீரில் தங்கிய கரைப்பானை வடித்து, சுத்தம் செய்து, மறுபடி முதல் கலனுக்கு. 99 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பி வந்துவிடுகிறது. கார்பன் டைசல்ஃபைடும் இல்லை, துத்தநாகமும் இல்லை.

பிறகு இதில் என்ன குறை என்பீர்கள். குறை அந்தக் கரைப்பானின் குணத்தில் இருக்கிறது.

என்.எம்.எம்.ஓ.வில் நைட்ரஜன் அணுவின் தலையில் ஓர் ஆக்சிஜன் அணு ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருக்கிறது. செல்லுலோஸின் பிடிகளைத் தளர்த்திக் கரைப்பது அந்த ஆக்சிஜன்தான். சூட்டில் அதுவே கழன்று விழவும் செய்யும். விழுந்தால் வம்பு. ஃபார்மால்டிஹைடு பிறக்கும், மார்ஃபோலின் பிறக்கும், எதையும் கடித்துக் குதறும் தனி உறுப்புகள் பிறக்கும். அவை செல்லுலோஸ் சங்கிலியை வெட்டும். வெட்டுப்பட்ட சங்கிலியில் வந்த இழை வலுவிழக்கும், குழம்பு கறுக்கும். இந்தச் சிதைவு வெப்பத்தைக் கக்குகிறது. அந்த வெப்பம் இன்னும் சிதைக்கிறது. அது இன்னும் வெப்பத்தைக் கக்குகிறது. தடுக்காவிட்டால் கலன் வெடிக்கும். லையோசெல் ஆலைகளின் குழாய்களில் அழுத்தம் ஏறினால் தானே கிழிந்து வழிவிடும் தகடுகள் பொருத்தியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

இந்த நெருப்புக்கு விசிறி ஒன்று உண்டு: இரும்பு. செம்பும்தான். கரைசலில் இரும்பு அயனிகள் லட்சத்தில் ஓரிரு பங்கு கலந்தாலும் சிதைவு குறைந்த வெப்பத்திலேயே தொடங்கிவிடும். மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய இரும்பு கூழோடு வரும். குழாயும் பம்பும் தேய்ந்த இரும்பு வழியில் சேரும். ஆகவே ஆலைக்காரர்கள் கூழ் வாங்கும்போதே அதில் உள்ள இரும்பை அளக்கிறார்கள்.

இந்த இரும்பைக் கட்டிப்போடவும், கழன்ற உறுப்புகளின் பல்லைப் பிடுங்கவும் ஒரு பொருள் வேண்டும். பல பொருள்களைப் போட்டுப் பார்த்தார்கள். பெய்ட்டன்ஹெய்ஸ் குழுவினர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் முன்வரிசையில் வந்து நின்றது புரொப்பைல் காலேட். அன்றிலிருந்து லையோசெல் தொழிலின் வழக்கமான நிலைப்படுத்தி இதுதான். ஆயிரம் பங்கு குழம்புக்கு ஒரு பங்குக்கும் குறைவாகப் போட்டால் போதும். எண்ணெய், கொழுப்பு காறிப்போகாமல் இருக்க உணவுப் பொருள்களிலும் இது சேர்வதுண்டு. உறையின் பின்புறம் 310 என்ற எண்ணாக இருக்கும்.

புரொப்பைல் காலேட் என்பது காலிக் அமிலத்தின் பிள்ளை. காலிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது மாசிக்காயின் ஐரோப்பியப் பெயரிலிருந்து. 1786-ல் ஸ்வீடனின் ஷீலே அதை மாசிக்காயிலிருந்து பிரித்தார். பிறந்த குழந்தைக்கு உரைமருந்து உரைத்த பாட்டிகளுக்கு மாசிக்காயைத் தெரியும். அதன் பக்கத்திலேயே தாம்பாளத்தில் கடுக்காயும் கிடக்கும். காலிக் அமிலக் குடும்பம் முழுவதும் கடுக்காயில் குடியிருக்கிறது.

1734, புதுச்சேரி

இங்கேதான் நம் ஊர் உள்ளே வருகிறது.

பிரான்சில் சாயத்தொழிலை மேற்பார்த்த துய்ஃபே என்ற விஞ்ஞானி இருந்தார். மின்சாரம் இரண்டு வகை என்று முதலில் சொன்னவர் அவர்தான். இந்தியத் துணிகளின் சாயம் எத்தனை முறை துவைத்தாலும் ஏன் போவதில்லை என்பது அவருக்கு உறக்கம் கெடுத்த கேள்வி. அவருக்காகப் போலியூ என்ற கடற்படை அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்து, சோழமண்டலக் கரையின் சித்திரத்துணி எழுதுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து எடுத்துப்போனார். துண்டுகளோடு அந்தக் கையெழுத்துப்படி இன்றும் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது. தொழில் உளவு என்று இன்றைக்குச் சொல்வோம். அன்றைக்கு அதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

எட்டு ஆண்டு கழித்து, 1742 ஜனவரியில் யேசுசபைப் பாதிரியார் கேர்தூ இதே தொழிலை விவரித்து நீண்ட கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதாக 1767-ல் பிரான்சுக்கு எழுதிய அதே கேர்தூதான். 1779-ல் புதுச்சேரியில் காலமானார். அவர் எழுதிய முறையில் முதல் வேலையே துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து வெயிலில் காயவைப்பது. பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். கடுக்காயின் துவர்ப்பு துணியில் ஏறி உட்காரும். பிறகு இரும்பைப் புளிக்கவைத்து எடுத்த நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால், அந்த நீர் துணியைத் தொட்ட மாத்திரத்தில் கரிய கோடாகும். கடுக்காயில் உள்ள காலிக் அமில வகையறா இரும்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அந்தப் பிடியின் நிறம்தான் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே பிடியை நம்பித்தான்.

லையோசெல் கலனுக்குள் நடப்பதும் அந்தப் பிடிதான். சித்திரத்துணிக்காரர் இரும்பை விருந்துக்கு அழைத்தார்; லையோசெல்காரருக்கு அது திருடன். இரண்டு வீட்டிலும் இரும்பின் கையைப் பிடித்து உட்காரவைக்கும் வேலை ஒரே குடும்பத்துக்கு.

உடனே "லையோசெல்லை அன்றே கண்டுபிடித்த தமிழன்" என்று யாரும் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட வேண்டாம். இந்த ஊர்ச் சாயக்காரர்களுக்கு என்.எம்.எம்.ஓ. தெரியாது; லையோசெல் வேதியியலாளர்கள் கடுக்காயைப் பார்த்து யோசித்ததாகவும் எங்கும் இல்லை. பொருளின் குணம் ஒன்று என்பதால் இரண்டு பேரும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவே எனக்குப் போதுமான ஆச்சரியம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் 18-ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலச் சித்திரத்துணிகளைக் கவனித்துப் பார்த்தால், சிவப்பும் நீலமும் நேற்றுப் போட்டது போல் இருக்கும். கறுப்புக் கோடு இருந்த இடங்களில் பல துணிகளில் ஓட்டை. சாயம் வெளுக்கவில்லை, துணியே இல்லை. இரும்பு இரண்டு நூற்றாண்டாக உட்கார்ந்து செல்லுலோஸைத் தின்றுவிட்டது. கலனுக்குள் சில நிமிஷத்தில் நடந்துவிடக் கூடாது என்று லையோசெல் பொறியாளர் பயப்படுவதை அந்தப் பழந்துணிகள் மெதுவாக நடத்திக் காட்டியிருக்கின்றன.

களைத்துப்போகும் காவல்காரன்

புரொப்பைல் காலேட் தீராத சரக்கு அல்ல. ஒவ்வொரு திருடனைப் பிடிக்கும்போதும் தானும் கொஞ்சம் எரிகிறது. எரிந்து என்னவாகிறது என்று வியன்னாவில் ரோசனாவும் போட்டாஸ்டும் தங்கள் குழுவினரோடு வருஷக்கணக்கில் துருவினார்கள்; 2001-ல் வந்த அவர்களுடைய நீண்ட தொகுப்புக் கட்டுரை இத்துறையில் இன்றும் கைப்புத்தகம். எலாஜிக் அமிலமாக மாறுகிறது, பிறகு அடர்நிறப் பொருளாகிறது என்று கண்டார்கள். எலாஜிக் அமிலமும் கடுக்காயில் உள்ளதுதான்! பேரன் களைத்தால் தாத்தா வீட்டுக்கே திரும்புகிறான்.

அந்த நிறம் இழையில் ஏறி மஞ்சள் தட்டுகிறது, வெளுக்க வேண்டியிருக்கிறது. சுற்றிவரும் கரைப்பானிலிருந்து அந்த அழுக்கை வடிகட்ட வேண்டியிருக்கிறது. புது நிலைப்படுத்தியை அளந்து அளந்து போட வேண்டியிருக்கிறது. நாற்றம் உறிஞ்சும் கரியையோ வேறு தூளையோ குழம்பில் கலந்து 'சிறப்பு இழை' செய்ய நினைத்தால் சிதைவு இன்னும் சீக்கிரம் தொடங்குகிறது. புரொப்பைல் காலேட் மட்டும் போதாமல் போகிறது. ஜெர்மனியின் ருடோல்ஸ்டாட் நகர ஆய்வுக்கூடம் அதற்கென்றே வேறு நிலைப்படுத்திகளைத் தேடியது. நிலைப்படுத்தியே தேவைப்படாத கரைப்பானைத் தேடி பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் 'அயன்செல்' என்ற முறை வந்தது. 2018 சுதந்திர தின விருந்துக்கு அந்நாட்டு அதிபரின் மனைவி அந்த முறையில் பிர்ச் மரத்திலிருந்து செய்த இழையில் உடை அணிந்துவந்தார். அது சந்தைக்கு வந்து காந்தி வீதி நைட்டியாக இன்னும் காலம் ஆகும்.

லையோசெல்லைப் 'பசுமைத் துணி' என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையில் பாதி சம்மதம். சிறுமுகையில் ஓடிய மாதிரி இதில் கழிவு ஆற்றில் ஓடாது என்பது உண்மை. விஸ்கோஸை விட இது நல்ல தொழில் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த நன்மை மரத்தில் இல்லை, விளம்பரப் படத்தில் இருக்கும் இலையிலும் இல்லை. கரைப்பான் சுற்றிவரும் வட்டம் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் ஆலையில் இருக்கிறது. இரும்பை அளக்கும் ஆய்வகத்தில் இருக்கிறது. இரவு ஷிப்டில் காலேட் அளவைச் சரிபார்க்கும் தொழிலாளியிடம் இருக்கிறது. ஹரிஹரில் எழப்போகும் ஆலை துங்கபத்திரைக் கரை ஊரில் எழுகிறது. நாலாவது ஆறாக அது ஆகிவிடக் கூடாது. கரைப்பானில் எத்தனை விழுக்காடு திரும்புகிறது, திரும்பாதது எங்கே போகிறது என்ற கணக்கை ஊருக்குக் காட்டச் சொல்ல வேண்டியது இப்போதுதான், சுவர் எழும்பிய பிறகு அல்ல.

புதுவைக்கு இதில் பேச உரிமை உண்டு. ஆலை வந்தும் போயும் பார்த்த ஊர் இது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று மில்லும் சங்கு ஊதி எழுப்பிய ஊர். 1936 ஜூலை 30-ல் 12 மில் தொழிலாளர்களைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து எட்டு மணி நேர வேலையை வாங்கிய ஊர். 1898-ல் தொடங்கிய ரோடியர், ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறி, 2020 ஏப்ரல் 30-ல் மூடியது. தறிக்காரர் இருந்த வீடுகளில் இன்று மரஇழைத் துணிகளை விற்பவர்களும் வாங்குபவர்களும் இருக்கிறோம். வாங்குபவனுக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது.

கடையில் 'மூங்கில் துணி', 'ஆர்கானிக் பேம்பூ' என்று விற்பதில் பெரும்பகுதி, மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ். அதே கார்பன் டைசல்ஃபைடு, அதே அமிலத் தொட்டி. விஸ்கோஸை மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2022-ல் வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் 25 லட்சம் டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. இங்கே அப்படிக் கேட்பார் இல்லை. மரம் எது என்று சொல்கிறார்கள், எப்படிக் கரைத்தார்கள் என்று சொல்வதில்லை. துணியின் ஜாதகம் அந்த இரண்டாவது விவரத்தில்தான் இருக்கிறது.

கோ-ஆப்டெக்ஸும் கூட்டுறவுக் கடைகளும் முதலில் தொடங்கலாம். மரஇழைத் துணியின் சீட்டில் 'விஸ்கோஸ்' அல்லது 'லையோசெல்' என்று ஒரு வார்த்தை தமிழில் அச்சடித்தால் செலவு ஒன்றும் ஆகாது. அதுவரை அடுத்த முறை கடைக்காரர் "காட்டன் மாதிரி, ஆனா காட்டன் இல்ல" என்று சொன்னால், நீங்கள் கேளுங்கள்: "சரிம்மா, எதுல கரைச்சது?"